மலைநீரில் போலி இரையின் ஆழம்

தக்கை கட்டிய தூண்டிலில் ஆழம் கையாலேயே அளக்கப்படுகிறது. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எத்தனை முழம் தங்கூசி விடப்பட்டதோ, அத்தனை முழத்தில் மண்புழு தொங்கும். இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லயங்களை ஒட்டிய ஓடைகளில் இந்த அளவே போதுமானது. போலி இரைக்கு இது உதவாது. அது இழுபடும்போதுதான் மீனின் கண்ணுக்கு உயிருள்ள இரையாகிறது. இழுக்கும் வேகமும் நூலின் பருமனும் மாறினால் அது ஓடும் ஆழமும் மாறும்.

போலி இரையின் ஆழத்தைக் கணிக்கும் இந்தக் கலை இலங்கை மலைநாட்டுக்குத் தோட்டத் துரைமாரோடு வந்தது. 1880களில் பிரித்தானியாவிலிருந்து பழுப்பு ட்ரவுட் மீனின் முட்டைகள் பனிக்கட்டியில் பொதிந்து நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த மீன் இங்கே சரியாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கியது. 1894இல் ரயில் பாதை பண்டாரவளை வரை எட்டியது. அந்தப் பாதையிலுள்ள ஒஹிய நிலையத்தில் இறங்கித் தூண்டில்காரர் சமவெளிக்கு ஏறிவிடலாம். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 2,100 மீட்டருக்கு மேலே உள்ள சமவெளியில் அது கிடைத்தது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள, ஊவாவின் எல்லவை ஒட்டிய ஓடைகளில் கிடைக்கவில்லை. விளையாட்டுக்காக விடப்பட்ட அந்த மீன், சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு நன்னீர் இறால் இனத்துக்கு இன்று ஆபத்தாக நிற்கிறது.  1988இல் சமவெளி தேசியப் பூங்காவான பின்னும் அந்த ஆபத்து தீரவில்லை.

ட்ரவுட்டுக்கு வீசப்பட்டது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய போலி ஈ. அதற்கென்று எடை கிடையாது. ஆழத்தைத் தீர்மானித்தது பட்டுநூல்தான். கொழுப்புத் தடவிய பட்டுநூல் மிதக்கும், தடவாத பகுதி நீர் குடித்து அமிழும். எவ்வளவு நீளத்துக்குத் தடவுவது என்பதே ஆழத்தைக் குறிக்கும் வழி. முழங்கால் அளவு நீரே ஓடும் இடங்களில் அரை அடி தவறினாலும் ஈ பாசியில் சிக்கிவிடும். நீரோட்டமும் சேர்ந்து வேலை செய்தது: ஓட்டத்துக்கு எதிரே வீசிய ஈ நீரோடு மிதந்து வரும்போது மெல்ல இறங்கும், ஓட்டத்தின் திசையில் வீசி நூலை இறுக்கினால் மேலெழும். பட்டு உக்கிப் போகாதிருக்க ஒவ்வொரு மாலையும் அதை விரித்துக் காயவைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் பரவியதும் இந்த வேலை ஒழிந்தது.

பெரிய ஆறுகளில் கெளுத்தியும் மஹ்சீரும் தேடப்பட்டன. இந்தியாவின் மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல், மஹ்சீர் தூண்டிலைப் பரவலாக்கியது. அதற்கு வீசப்பட்ட இரைகளில் ஒன்று கரண்டி. அமெரிக்கரான ஜூலியோ பியூல் 1852இல் காப்புரிமை பெற்ற உலோகத் துண்டு அது. கரண்டி தன் எடையால் இறங்கும், இழுத்தால் ஏறும். ஆகவே நீரில் விழுந்த கணத்திலிருந்து எண்ணிக்கொண்டு, அடி தட்டும் வரை எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்ப்பார்கள். அடி தட்டப் பத்து எண்ணிக்கை ஆனால், எட்டிலேயே இழுக்கத் தொடங்கும்போது இரை அடிக்குச் சற்று மேலே ஓடும்.

பின்லாந்தில் லாரி ராப்பாலா 1936இல் தக்கைப் பட்டையில் செதுக்கிய மீன் போன்ற இரைகளில் முகத்தில் ஒரு தகடு இருக்கும். தகடு உடலோடு ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நீண்டும் அகன்றும் இருந்தால் இரை ஆழ இறங்கும். செங்குத்தாகத் தாழ்ந்திருந்தால் மேலோடும். தடித்த நூல் நீரின் தடையைக் கூட்டி அதை மேலே நிறுத்தும், மெல்லிய நூல் இறங்கவிடும். குறுகிய வீச்சில் முழு ஆழத்தை எட்டுமுன்னே கரை வந்துவிடும். பெட்டியில் அச்சிட்ட ஆழம் ஒரு குறிப்பிட்ட நூலுக்கும் வீச்சு நீளத்துக்கும் உரியது. அதைவிட நம்பத்தக்கது, ஆழம் தெரிந்த மணல்திட்டின் மேல் இழுத்து, எங்கே தட்டுகிறதென்று பார்ப்பது.

ஊவாவின் ஆறுகளே இப்போது மாறிவிட்டன. உமா ஓயாவின் துணையாறுகளை மறித்த புஹுல்பொல, டயரபா அணைகளின் நீர் சுரங்க வழியே எல்லவுக்குக் கீழே கரந்தகொல்லையில் உள்ள நிலத்தடி மின்நிலையத்துக்குப் போகிறது. 120 மெகாவாட் திறனுள்ள அத்திட்டம் 2024இல் இயங்கத் தொடங்கியது. அணைகளுக்குப் பின்னே தேங்கிய நீரில் இரையைத் தூக்கவோ அமிழ்த்தவோ ஓட்டம் இல்லை. அங்கே ஆழத்தைச் சொல்வது இரையின் எடையும் தகடும் எண்ணிக்கையும்தான். அணையின் நீர்மட்டம் ஏறி இறங்குந்தோறும் அந்த எண்ணிக்கையைப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.