பில்லா வென்றான், ராஜப்பா என்னவானான்?

புகழ்பெற்ற அதிரடிப் படமொன்றைப் புதிய தலைமுறைக்காக மறுபடி எடுக்கும்போது உண்மையில் மாறுவது எது? தமிழில் இக்கேள்விக்கு நம் கைக்கெட்டும் உதாரணம் 'பில்லா'.

அதன் வேர், சலீம்-ஜாவேத் எழுத, சந்திரா பரோட் இயக்கி 1978இல் வெளிவந்த இந்தி 'டான்'. கடத்தல் தலைவன் இறந்துபோகிறான். அவன் சாயலிலேயே இருக்கும் ஓர் ஏழையைக் காவல் அதிகாரி அவனிடத்தில் அமர்த்துகிறார். ஏழை எடுத்து வளர்க்கும் இரு குழந்தைகளின் படிப்பே அதற்கான கைம்மாறு. இரகசியம் அறிந்த அந்த அதிகாரியும் மாண்டுவிட, காவல்துறைக்குக் குற்றவாளியாகவும் கும்பலுக்குத் துரோகியாகவும் அவன் ஓடுகிறான். 1980இல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கிய தமிழ் வடிவத்தில் ரஜினிகாந்த் பில்லாவாகவும் ராஜப்பாவாகவும் நடித்தார்.

இவ்விரு படங்களிலும் தலைப்பு குற்றவாளிக்குரியது, கதையோ ஏழைக்குரியது. நெருக்கடி நிலை முடிந்த மறு ஆண்டில் வந்த படம் 'டான்'. அரசின் வேலையைச் செய்தவனையே அரசு வேட்டையாடும் என்ற அச்சம் அன்றைய பார்வையாளனுக்கு அந்நியமாக இருந்திருக்காது என்றே கருதுகிறோம்.

2006இல் ஜாவேத் அக்தரின் மகன் ஃபர்ஹான் அக்தர் 'டான்' படத்தை மீண்டும் எடுத்தார். கதை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. கும்பலின் இரகசியங்கள் அடங்கிய சிவப்பு நாட்குறிப்பு கணினி வட்டாயிற்று. இவை வெறும் ஒப்பனைகள். உண்மையான மாற்றம் இறுதியில் வருகிறது: ஏழை என்று நாம் நம்பிப் பரிவு கொண்டவன் டானேதான். ஏழை எப்போதோ இறந்துவிட்டான்.

2007இல் விஷ்ணுவர்தன் மலேசியாவைக் களமாக்கி அஜித்குமாரைக் கொண்டு எடுத்த 'பில்லா' இம்முடிவை ஏற்கவில்லை. ராஜப்பாவின் இடத்தில் வந்த வேலு பிழைத்துக்கொள்கிறான். ஆயினும் திரையரங்கை விட்டு வெளியேறியவர்களின் நினைவில் தங்கியவை கறுப்புக் கண்ணாடியும் கோட்டும் பில்லாவின் நிதான நடையுமே. வேலுவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சக்ரி டோலேட்டியின் 'பில்லா 2' 2012இல் வந்தபோது அந்த இரட்டையனுக்கு இடமே இல்லை. ஏழை ஒருவன் அதில் இருக்கிறான்தான். இலங்கையிலிருந்து அகதியாக வந்த டேவிட். ஆனால் அவன் திரையில் தோன்றுவது பில்லாவாக மாறுவதற்காகவே.

மறுஆக்கங்கள் தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்கின்றன என்பது பொதுவான சமாதானம். இவ்வரிசையில் புதுப்பிக்கப்பட்டது நம் விருப்பம். குற்றவாளியின் உடையை அணிந்தும் தானாகவே இருக்க முயன்றான் பழைய ஏழை. அவனுக்காகப் பதைத்த நாம், முப்பது ஆண்டுகளில் அந்த உடைக்காகக் கைதட்டப் பழகிவிட்டோம். ராஜப்பாவைக் கொன்றது எந்த இயக்குநரும் அல்லர். இருக்கையில் அமர்ந்திருந்த நாமே.