வில்வண்டியும் தொப்பியூசியும்

வேகத்தடையைத் தாண்டிய பிறகும் என் கார் மூன்று முறை குதித்தது. பின் இருக்கையில் இருந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு வில்வண்டியே தேவலாம்டி" என்றாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாலு பக்கமும் மாத்தணும் மேடம். சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட விளக்கமாச் சொல்றேன்" என்றார். கார் என் பெயரில் இருக்கிறது. தவணை என் சம்பளத்தில் போகிறது. ஓட்டுவதும் நான்தான். விளக்கம் மட்டும் சாருக்கு. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா சொன்ன வில்வண்டி மனதிலேயே நின்றது. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியபோது, தமிழ் அதற்கு வில் என்றே பெயர் வைத்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கிவிடும். என் காரில் இருப்பது சுருள் வில். அதில் அந்த உரசல் இல்லை. அமுக்கிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். அதன் குழாய்க்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகும்போது, குதிப்பின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது வில். அதற்குப் பின் வரும் ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர்.

அம்மா சிறுமியாக இருந்தபோது, வில்வண்டிக்குள் பெண்கள் உட்கார்ந்தார்கள். மாட்டின் கயிறு ஆண் கையில் இருந்தது. காரின் கதையும் அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது அப்படித் தொடங்கவில்லை.

ஜெர்மனியில் பெர்தா என்ற பெண், 1872இல் நடந்த தன் திருமணத்துக்கு முன்பே, தன் சீதனப் பணத்தைக் கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டார். 1886இல் மோட்டார் வண்டிக்குக் கிடைத்த காப்புரிமையில் கணவரின் பெயர் மட்டுமே இருந்தது. வண்டியை வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு அதை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பியூசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்க வைத்தார். மேட்டில் வண்டி திணறியதால் மகன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது; அதன் பிறகு வண்டியில் மேடேறுவதற்கென்று இன்னொரு கியர் சேர்ந்தது.

இந்தக் கதையை 'துணிச்சலான மனைவியின் பயணம்' என்றே பலரும் சொல்கிறார்கள். எனக்கு இது ஒரு பரிசோதனையாகத் தெரிகிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, கையில் இருப்பதைக் கொண்டு சரிசெய்து, எதை மாற்ற வேண்டும் என்று திரும்பி வந்து சொல்வதற்குப் பெயர் பொறியியல்.

அவரோடு அது முடியவும் இல்லை. 1909இல் 22 வயது ஆலிஸ் ராம்சே, வண்டி ஓட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை 59 நாள் ஓட்டினார். வழியில் 11 டயர் மாற்றினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் டாரதி லெவிட் பெண்களுக்கென்று கார் கையேடு எழுதினார். பின்னால் வருவதைப் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதில் ஒரு யோசனை. "உங்களுக்கு எதுக்கு மேடம்" என்ற பேச்சு இவர்களுக்கெல்லாம் பிறகும் உயிரோடு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் காரை நிறுத்திவிட்டு முதலில் டயர் காற்றைப் பார்த்தேன்; சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு மூலையாக, உடல் எடையைக் கொடுத்து அமுக்கிக் கையை எடுத்தேன். முன்பக்கம் ஒருமுறை எழும்பி நின்றது. பின்பக்கம் இரண்டு மூலையும் அடங்காமல் ஆடின. இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. குனிந்து பார்த்தேன். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. பின் டயர்களில் இடையிடையே திட்டுத் திட்டாகத் தேய்மானம். குதிக்கும் சக்கரம் சாலையைச் சரியாகப் பற்றாது. பிரேக் பிடித்தாலும் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். அம்மாவின் இடுப்போடு முடிகிற விஷயமல்ல இது.

முன் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடக் கூடாது. பின் அச்சுக்கு இன்னொரு ஜாக்கியால் முட்டுக் கொடுத்தேன். மேல் நட்டு டிக்கிக்குள் இருந்தது. கீழ் போல்ட் துருப்பிடித்து, எண்ணெய் விட்டு அரைமணி காத்த பிறகே இளகியது. கழற்றியதைக் கையால் அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. புதியது எளிதில் அசையவில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சமநிலை கெடும் என்பதால் இரண்டையும் மாற்றினேன். கீழ் போல்ட்டின் கடைசி முறுக்கை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கொடுத்தேன். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம் கெட்டிருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன். அங்கே சுருள் வில் அழுத்தத்தோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கான கருவி இல்லாமல் பிரித்தால் ஆளையே அடித்துவிடும். அது பட்டறை வேலை. எது என் வேலை, எது பட்டறை வேலை என்று நானே முடிவு செய்தேன். எனக்கு மறுக்கப்பட்டிருந்தது அந்த முடிவுதான்.

டார்ச் பிடித்தவள் அம்மா. "எந்தப் பக்கம் திருகினா இளகும்?" என்று நான் தடுமாறியபோது, யோசிக்காமல் சொன்னாள். நாற்பது வருடம் தன் தையல் மெஷினைத் தானே பிரித்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாட்டிக் கோத்தவள். அதை யாரும், நானும்கூட, மெக்கானிக் வேலை என்று சொன்னதில்லை.

மாலையில் அதே வேகத்தடை. கார் ஏறி இறங்கி, ஒருமுறை அசைந்து நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கறை படிந்த தன் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்து எதுடி கழட்டணும்?"