வால்பரைசோ: இடம்பெயரும் கரை

சிலி நாட்டின் வால்பரைசோ நகரில் கடற்கரை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வெவ்வேறு விடைகள் உண்டு. 1536இல் ஹுவான் தே சாவேத்ரா என்ற ஸ்பானியத் தளபதி இங்கு வந்து, தமது சொந்த ஊரின் பெயரை இவ்வளைகுடாவுக்குச் சூட்டினார் என்பர். அன்று குன்றுகளின் அடிவாரம் வரை அலைகள் வந்துபோயின. இன்று வங்கிகளும் கடைவீதிகளும் நிற்கும் சமதளத்தில் பெரும்பகுதி, பின்னாளில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம்.

உல்லாசக் கப்பலில் வருவோருக்கு இவ்வூரில் வாய்ப்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. அதனை நாங்கள் நடந்தே கழித்தோம். பிராட் துறைமேடையிலிருந்து சில நிமிட நடையில் சோத்தோமயோர் சதுக்கம். 1879 மே 21 அன்று இக்கீக்கே கடற்போரில் மாண்ட ஆர்த்துரோ பிராட்டின் நினைவுச்சின்னம் நடுவே உயர்ந்து நிற்கிறது. இச்சதுக்கத்தின் அடியில் வாகன நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியபோது பழைய துறைமேடை ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. நாம் நிற்கும் கல்தளத்தின் கீழே ஒரு காலத்தில் படகுகள் கட்டப்பட்டிருந்தன என்று அறியும்போது, நடையின் வேகம் தானாகவே குறைந்துவிடுகிறது.

மனிதர் கரையை நகர்த்தினர். நிலமும் தன் பங்குக்கு நகர்ந்தது. 1822 நவம்பர் 19 இரவு நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தின்போது, வால்பரைசோவில் குடியிருந்த மரியா கிரஹாம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, வடக்கே கின்தேரோவில் இருந்தார். கேப் ஹார்ன் அருகே, கப்பற்படைத் தலைவரான கணவரைக் கடலிலேயே பறிகொடுத்து, அதே ஆண்டில் இங்கு வந்திறங்கியவர் அவர். அதற்கு முன்பே இந்தியாவில் பயணம் செய்து, நமது மாமல்லபுரத்தையும் கண்டு எழுதியவர் என்பது நமக்குச் சிறப்பான செய்தி. நிலநடுக்கத்துக்குப் பின் கரை உயர்ந்து, சிப்பிகள் பாறையில் ஒட்டியபடியே நீருக்கு வெளியே கிடந்ததை அவர் பதிவு செய்தார். 1824இல் லண்டன் புவியியல் சங்கம் அதனை வெளியிட்டது. பத்தாண்டுகள் கழித்து அச்சங்கத்தின் தலைவர் கிரீனோ அவரது சாட்சியத்தை நம்பத்தகாதது எனத் தாக்கினார். மரியா அஞ்சவில்லை, அச்சிலேயே மறுமொழி தந்தார். 1835இல் தெற்கே கான்செப்சியோன் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், டார்வினும் பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராயும் நிலம் உயர்ந்திருப்பதைத் தாமே கண்டனர். கண்ணால் கண்டதைச் சொன்ன ஒரு பெண்ணின் சொல்லுக்குப் பூமியே மறுபடி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

சமதளத்திலிருந்து குன்றுக்கு ஏற 1883இல் தொடங்கப்பட்ட கான்செப்சியோன் மின்தூக்கி இருக்கிறது. சரிவில் தண்டவாளத்தின்மீது ஏறும் மரப்பெட்டி அது. நாங்கள் படிக்கட்டு வழியே ஏறினோம். கேப் ஹார்னைச் சுற்றிவரும் கப்பல்கள் அனைத்தும் இளைப்பாறிய காலத்தில் பிரிட்டானிய, ஜெர்மானிய வணிகர் குடியேறிய குன்று இது. கத்தோலிக்கம் அரச மதமாயிருந்த நாட்டில் 1858இல் கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குக் கோபுரம் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது தேவாலயமாகத் தெரியக்கூடாது என்பதே நிபந்தனை. சற்றுத் தள்ளி, அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூதரன் ஆலயத்துக்கோ உயர்ந்த கோபுரம் உண்டு. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் இந்நாடு எவ்வளவு தூரம் நடந்தது என்பதை அறிய ஐந்து நிமிட நடை போதும்.

1906 ஆகஸ்ட் 16இல் மீண்டும் நிலம் நடுங்கி ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். நகரை மீண்டும் கட்டிக்கொண்டிருக்கையிலேயே 1914இல் பனாமா கால்வாய் திறந்தது. கப்பல்களுக்குக் கேப் ஹார்ன் வழி தேவையற்றுப்போயிற்று. வணிகப் பெருஞ்செல்வம் வடிந்துபோக, பழைய வீடுகளை இடித்துப் புதியன எழுப்பும் வசதி இல்லாமற்போனதும் அவை எஞ்சியதற்கு ஒரு காரணம். 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, ஓரளவுக்கு, அந்த வறுமை காத்துவைத்த நகரத்தைத்தான்.

ஆனால் அவ்வறிவிப்பின் எல்லை சிறியது. ரூபன் தாரியோவின் 'அசூல்' 1888இல் அச்சேறிய ஊர், நெருதாவின் 'லா செபாஸ்தியானா' இல்லம் இருக்கும் ஊர் என்று தேடிவரும் நம்மைப் போன்றோரின் கால்களும் அவ்வெல்லையை விட்டு அதிகம் விலகுவதில்லை. அதற்கும் மேலே, நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளின் உச்சிகளிலும் ஓடைப்பள்ளங்களிலும், மரப்பலகையும் தகரமுமாக ஏழைகளின் வீடுகள் அடர்ந்திருக்கின்றன. 2014 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. பதினைந்து பேர் இறந்தனர். குறுகிய வழிகளில் வண்டிகள் ஏற முடியவில்லை, தண்ணீரும் போதவில்லை. அணைக்கப் போராடிய நகரத் தீயணைப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். சிலியின் முதல் தன்னார்வத் தீயணைப்புப் படை 1851இல் இதே வால்பரைசோவில் தோன்றியது. அம்மரபு இன்றும் தொடர்கிறது.

வண்ணச் சுவர்களைக் கண்டு இறங்கிவிடும் பயணி, கான்செப்சியோன் குன்றின் விளிம்பில் நின்று ஒருமுறை கடலுக்கு முதுகு காட்டி மேலே பார்க்க வேண்டும். அங்கே தெரியும் தகரக் கூரைகளுக்கு வழிகாட்டி நூல்களில் பக்கங்கள் குறைவு. இந்நகரத்தவரில் மிகப் பலர் வாழ்வது அங்கேதான்.