அருவியை மீட்ட நகரம்
கிரீன்வில் நகர மைய வளர்ச்சியும் இயற்கைக் காட்சியும்

தோற்றுவாய்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு, அவற்றின்மேல் மக்கள் வாழ்வியலை அமைத்துக் காட்டியது தொல்காப்பியம். வாழும் நிலமே வாழ்வோரின் தொழிலையும் வழக்கங்களையும் உருவாக்குகிறது என்னும் அவ்வுண்மை எந்நாட்டு ஊருக்கும் பொருந்துவதாகும். ஆயின், தொழில் பெருகப் பெருக, தம்மைப் பெற்றெடுத்த நிலத்தையே ஊர்கள் மறந்துவிடுவதும் உண்டு. ஆற்றங்கரையில் பிறந்த நகரம் நாளடைவில் அவ்வாற்றுக்கே புறங்காட்டி நிற்பதையும், அதனைக் கழிவுநீர்க் கால்வாயாக்கிவிடுவதையும் உலகின் பல பகுதிகளில் காண்கிறோம். மறந்ததை மீண்டும் தேடிக் கண்ட நகரங்கள் சிலவே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களுள் ஒன்றான தென் கரோலினாவின் கிரீன்வில் நகரம் அச்சிலவற்றுள் ஒன்று. அந்நகரின் நடுவே ஓர் அருவி உண்டு. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நகரத்தார் அவ்வருவியை எவ்வெவ்வாறு கண்டனர் என்பதே அந்நகரின் வரலாறு எனலாம்.

ஆறும் ஊரும்

புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்த பீட்மான்ட் என்னும் நிலப்பகுதியில் அமைந்தது கிரீன்வில். அங்கு ஓடும் ஆற்றின் பெயர் ரீடி. நாணல் மிகுந்தது என்பது அப்பெயரின் பொருள். சலூடா ஆற்றொடு சென்று கலக்கும் இச்சிற்றாறு, பாறைகளின் மீது சரிந்து விழும் இடத்தில் அருவியாகிறது. அந்நிலம் முதலில் செரோக்கிப் பழங்குடியினரின் வேட்டைநிலமாக இருந்தது.

1770ஆம் ஆண்டையொட்டி, ரிச்சர்டு பேரிஸ் என்னும் வணிகர் செரோக்கி மக்களொடு கொண்ட உறவின் வழியே நிலம் பெற்று, அருவியருகே வணிக நிலையமும் தானிய ஆலையும் நிறுவினார். அமெரிக்க விடுதலைப் போரில் அவர் ஆங்கில அரசின் பக்கம் நின்றமையால், 1776இல் அவருடைய குடியிருப்பு எரிக்கப்பட்டது. மறு ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையால் செரோக்கி மக்களும் அந்நிலத்தை இழந்தனர். நகருக்கு வடக்கே நிற்கும் பாரிஸ் மலையின் பெயர் பிரெஞ்சுத் தலைநகரைக் குறித்ததன்று. பேரிஸ் என்னும் அவ்வணிகரின் பெயரே திரிந்து அவ்வாறு வழங்குகிறது. ஆளின் சுவடு அழிந்தும் பெயர் மலையில் எஞ்சியது.

1797இல் லெமுயல் ஆல்ஸ்டன் என்பவர் அருவியை அடுத்துப் பிளசன்ட்பர்க் என்னும் சிற்றூருக்கு மனை பிரித்தார். அவருடைய 11,028 ஏக்கர் நிலத்தை 1815இல் வார்ட்ரி மக்பீ விலைக்கு வாங்கினார். கிரீன்வில்லின் தந்தை எனப் போற்றப்படும் மக்பீ, கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் நிலம் வழங்கியவர். அருவியின் விசையால் இயங்கும் ஆலைகளை எழுப்பியவர். அடிமைகளை உடையவராகவும் அவர் இருந்தார் என்பதையும் வரலாறு குறிக்கத் தவறுவதில்லை. 1850களின் தொடக்கத்தில் ஃபர்மன் கல்லூரி அருவிக்கு மேலுள்ள மேட்டில் அமைந்தது. 1853இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. கோடைக்காலத்தில் கடற்கரைப் பகுதியின் வெப்பத்திற்கு அஞ்சிய செல்வர்கள் இம்மலையடிவார ஊரை நாடி வந்தனர். இக்காலம் வரை அருவி உழைப்புக்கும் உதவியது, கண்ணுக்கும் விருந்தாயிற்று.

நூற்பாலைக் காலம்

உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்களின் பொருளியல் சிதைந்து கிடந்தது. பருத்தி விளையும் நிலத்திலேயே அதனை நூலாக்கவும் துணியாக்கவும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1870களில் அருவியின் கரையிலேயே கேம்பர்டவுன் ஆலைகள் எழுந்தன. பின்னர் நீராவியும் மின்விசையும் வந்தபோது ஆலைகள் ஆற்றை விட்டு விலகி நகரைச் சூழ்ந்து பரவின. ஒவ்வோர் ஆலையைச் சுற்றியும் தொழிலாளர் குடியிருப்பும் கடையும் கோயிலும் அமைந்த ஆலைச் சிற்றூர்கள் தோன்றின. 1917இல் நெசவுத்தொழிற் கண்காட்சிகளுக்கென்றே டெக்ஸ்டைல் ஹால் என்னும் மண்டபம் கட்டப்பட்டது. 1925இல் பாயின்செட் ஓட்டல் உயர்ந்து நின்றது. உலகின் நெசவுத் தலைநகர் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் அளவுக்கு நகரம் பெருமிதம் கொண்டது.

அப்பெருமிதத்தின் விலையை ஆறு கொடுத்தது. ஆலைகளின் சாயக்கழிவு ஆற்றில் கலந்தது. அன்று எந்த நிறத்துணிக்குச் சாயம் ஏற்றப்பட்டதோ அந்நிறத்திலேயே ஆறு ஓடும் என்று அவ்வூர் முதியோர் சொல்வது வழக்கம். ஊரைப் பிறப்பித்த அருவி ஊரின் கொல்லைப்புறமாயிற்று.

மையம் வெறுமையுற்ற கதை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இந்நிலை மேலும் தாழ்ந்தது. 1956இல் கேம்பர்டவுன் ஆலை மூடப்பட்டது. 1958 முதல் ஃபர்மன் பல்கலைக்கழகம் நகருக்கு வெளியே புதிய வளாகத்திற்குப் பெயர்ந்தது. 1968இல் புறநகரில் மக்கலிஸ்டர் ஸ்கொயர் என்னும் பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. தானியங்கி ஊர்திகளின் பெருக்கம் மக்களைப் புறநகருக்கு இழுத்தது. மெயின் ஸ்ட்ரீட் எனப்படும் நகரப் பெருந்தெருவின் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இச்சூழலில் 1960இல், கேம்பர்டவுன் வழி என்னும் நான்கு தட நெடுஞ்சாலைப் பாலம் நேரே அருவியின் மேலேயே கட்டப்பட்டது. ஊர்திகள் விரைந்து கடக்க வேண்டும் என்பது ஒன்றே அன்றைய நோக்கம். கீழே அருவி ஒன்று விழுகிறது என்பது கட்டியவர்க்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இதன்பின் வளர்ந்த ஒரு தலைமுறை, தம் ஊரின் நடுவே அருவி உண்டு என்பதையே அறியாது வாழ்ந்தது.

அதே 1960ஆம் ஆண்டு நகர மையம் வேறொரு போராட்டத்தையும் கண்டது. வெள்ளையர்க்கு மட்டுமே உரிய பொது நூலகத்தில், சூலை 16ஆம் நாள், கறுப்பின மாணவர் எண்மர் அமர்ந்து நூல் படித்தனர், கைது செய்யப்பட்டனர். கிரீன்வில்லில் பிறந்தவரும் பின்னாளில் நாடறிந்த தலைவரானவருமான ஜெஸ்ஸி ஜாக்சன் அவர்களுள் ஒருவர். நூலகத்தை அனைவர்க்கும் திறப்பதைவிட மூடிவிடுவதே மேல் என நகராட்சி முதலில் கருதியது. பின்னர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே அனைவர்க்குமாகத் திறந்தது. நகர மையம் யாருக்கு உரியது என்னும் வினா அன்றே எழுப்பப்பட்டுவிட்டது என்பது கருதத்தக்கது.

ஓர் ஏதிலியின் கனவு

நகர மையத்தின் மறுமலர்ச்சியைத் தொடங்கிவைத்தவர் மாக்ஸ் ஹெல்லர். ஆஸ்திரிய நாட்டு வியன்னாவில் பிறந்த யூதர். 1937இல் அங்குச் சுற்றுலா வந்த மேரி மில்ஸ் என்னும் கிரீன்வில் நங்கையை ஒரு நடன நிகழ்ச்சியில் கண்டு பேசியிருந்தார். மறு ஆண்டு இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது, அச்சிறு அறிமுகத்தையே நம்பி அவருக்கு மடல் எழுதினார். மேரி மில்ஸ் தம்மூரில் சட்டை ஆலை நடத்திய யூதர் ஒருவரிடம் உதவி வேண்டினார். அவ்வுதவியால் ஹெல்லர் கிரீன்வில் வந்து, அவ்வாலையிலேயே தரை பெருக்கும் வேலையிலிருந்து தொடங்கி உயர்ந்து, பின்னர்த் தாமே ஆலை ஒன்றை நிறுவினார். 1971 முதல் 1979 வரை அவர் நகரத் தந்தையாக விளங்கினார்.

மக்கள் நடந்து திரியும் வீதிகளும், மர நிழலும், அமர்ந்து பேசும் முற்றங்களும் உடைய வியன்னாவை ஹெல்லர் மறக்கவில்லை. நிலவனப்புக் கலை வல்லுநர் லாரன்ஸ் ஹால்ப்ரினைக் கொண்டு மெயின் ஸ்ட்ரீட்டைத் திருத்தியமைக்க வழி செய்தார். நான்கு தடங்களாய் இருந்த தெரு இரண்டாகச் சுருங்கியது. நடைபாதை அகன்றது, இரு மருங்கும் மரங்கள் நடப்பட்டன. தெருவைக் குறுக்கினால் வணிகம் கெடும் என்றே பலர் அஞ்சியிருக்கக்கூடும். ஆனால், விரைந்து கடப்பவர் குறைந்து நின்று செல்பவர் பெருகியபோதுதான் வணிகம் தழைத்தது. 1982இல் ஹயாத் ரீஜன்சி ஓட்டல் தெருவின் வடமுனையில் திறக்கப்பட்டது. 1990இல் பீஸ் சென்டர் என்னும் கலையரங்கம் ஆற்றருகே எழுந்தது. இரு முனைகளுக்கும் இடையே மக்கள் நடக்கத் தொடங்கினர். அந்நடை அவர்களை அருவியின் அண்மைக்கே கொண்டு சேர்த்தது.

பாலம் வீழ்ந்தது, அருவி தோன்றியது

அருவியைக் கண்டெடுக்கும் பணி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1967இல் கரோலினா ஃபுட்ஹில்ஸ் தோட்டக் கழகத்து மகளிர், நகராட்சியும் ஃபர்மன் பல்கலைக்கழகமும் துணைநிற்க, ஆலை இருந்த இடத்தில் 26 ஏக்கர் நிலத்தைச் சீர்செய்யலாயினர். புதரும் குப்பையும் மண்டிய ஆற்றங்கரையில் அவர்கள் செய்த பணி அன்று சிறியதாகவே தோன்றியது. பின்வந்த அனைத்திற்கும் அதுவே வித்து. பாலத்தை நீக்கினாலன்றி அருவி அருவியாகாது என்ற கருத்தைக் கிளெம்சன் பல்கலைக்கழகத்து நிலவனப்பு வல்லுநர்களும் முன்வைத்தனர்.

1995இல் நகரத் தந்தையான நாக்ஸ் வைட் அக்கருத்தைக் கையேற்றார். நல்ல நிலையில் உள்ள ஒரு பாலத்தைப் பொதுப்பணம் செலவிட்டு இடிப்பதா என எதிர்ப்பும் எழுந்தது. பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குரியதாதலின் அதன் இசைவும் பெற வேண்டியிருந்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2002இல் பாலம் அகற்றப்பட்டது. 2004இல் ஃபால்ஸ் பார்க் என்னும் பூங்காவும், அதனூடே லிபர்ட்டி பாலமும் திறக்கப்பட்டன.

மிகெல் ரொசாலஸ் வடிவமைத்த லிபர்ட்டி பாலம் நடப்போர்க்கு மட்டுமே உரியது. ஏறத்தாழ 350 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. அருவியை நோக்கி வில்லென வளைந்தது. தொங்குபாலங்களில் இருபுறமும் வடங்கள் இருப்பதே வழக்கம். இங்கோ, வளைவின் ஒரு புறத்தில் மட்டுமே வடம் அமைந்து, 90 அடி உயரமுள்ள சாய்ந்த இரு தூண்களில் தாங்கப்படுகிறது. மறுபுறம் அருவிக்காகத் திறந்து விடப்பட்டுள்ளது. முந்தைய பாலம் அருவியை மறைத்தது. இப்பாலம் அருவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. பொறியியலில் இத்தகைய பணிவு அரிது.

இதன்பின் வளர்ச்சி விரைந்தது. ஆற்றங்கரையில் குடியிருப்புகளும் அலுவலகங்களும் உணவகங்களும் எழுந்தன. 2006இல் நகர மையத்தின் மேற்குப் பகுதியில் பந்தாட்ட அரங்கம் அமைந்தது. ஓய்ந்து கிடந்த பழைய இருப்புப்பாதை வழியே டிராவலர்ஸ் ரெஸ்ட் வரை செல்லும் ஸ்வாம்ப் ராபிட் நடைவழி உருவாயிற்று. மிச்செலின், பி.எம்.டபிள்யூ. ஆகிய வெளிநாட்டு நிறுவனங்கள் அவ்வட்டாரத்தில் காலூன்றியதும் வளர்ச்சிக்குத் துணையாயிற்று. 2000ஆம் ஆண்டில் 56,002 ஆகக் குறைந்திருந்த நகர மக்கள்தொகை, 2020இல் 70,720 ஆக உயர்ந்தது.

காட்சியின் விலை

ஆயினும், இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் முடித்துவிட இயலாது. அருவி அழகுற்றபோது அருகிலுள்ள நிலத்தின் விலையும் உயர்ந்தது. ஆறு நாற்றமடித்த காலத்தில் அதன் கரையில் வாழ வேண்டியிருந்தவர்கள் ஏழைகள். அவர்களுள் பெரும்பகுதியினர் கறுப்பின மக்கள். ஆறு தூய்மையுற்ற காலத்தில் அங்கு வாழ வாடகை கொடுக்க இயலாதவர்களும் அவர்களே. 2000, 2010, 2020 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கு தொடர்ந்து குறைந்து வந்தது. 2022இல் அருவிப் பூங்காவை ஒட்டியே சொகுசு விடுதி ஒன்று திறக்கப்பட்டது. ஒரு பாலத்தை இடித்துப் பெற்ற காட்சியைக் கட்டடங்கள் மீண்டும் நெருக்குகின்றனவோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

அருவிக்கு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் அமைந்த மேபெரி பூங்காவின் வரலாறு இவ்வகையில் எண்ணத்தக்கது. 1920களில் கறுப்பினச் சிறார்க்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டிடம் அது. 1938இல் அதில் ஒரு பகுதி வெள்ளையர்க்கான பந்தாட்ட அரங்கத்திற்கென எடுக்கப்பட்டது. அவ்விடம் 2022ஆம் ஆண்டு மே மாதம் 60 ஏக்கர் பரப்பில் யூனிட்டி பூங்காவாக விரிந்தது. ஒருமை என்பது அப்பெயரின் பொருள். பூங்காவின் அருகே, எளியோர்க்கேற்ற விலையில் வீடுகள் அமைய நகராட்சி தன் நிலத்தில் ஒரு பகுதியை வழங்கியது. அருவிப் பூங்காவின் வெற்றி கற்பித்த பாடத்தை நகரம் இங்கே ஓரளவு நினைவிற் கொண்டது எனலாம். அவ்வீடுகள் உயர்ந்துவரும் நிலவிலையை எதிர்த்து நிற்குமா என்பது இனிவரும் ஆண்டுகள் தரும் விடையைப் பொறுத்தது.

நிறைவுரை

செரோக்கி மக்களுக்கு அருவி வேட்டைநிலத்தின் ஒரு பகுதி. பேரிசுக்கும் மக்பீக்கும் ஆலையை இயக்கும் விசை. நூற்பாலையார்க்குக் கழிவைக் கொண்டுசெல்லும் வழி. நெடுஞ்சாலைத் துறைக்குக் கடக்க வேண்டிய பள்ளம். இன்றைய நகரத்தார்க்கு அது காட்சி. நீர் ஒன்றே, கண்ட கண்கள் வேறு.

கிரீன்வில் நகரம் புதிதாக ஒன்றைப் படைத்து உயரவில்லை. தெருவைக் குறுக்கியும் பாலத்தை நீக்கியும், தன்னிடம் முன்பே இருந்ததைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தே உயர்ந்தது. வளரும் நகரங்கள் அனைத்தும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. அதனோடு மற்றொன்றும் எண்ணத்தக்கது. நூலகத்தில் அமர்ந்த எண்மரும் கேட்டது பொதுவிடத்தில் தமக்குரிய இடத்தைத்தான். அருவியை மறைத்த பாலத்தை இரண்டே ஆண்டுகளில் இடித்துப் பூங்காவாக்க முடிந்தது. அருவியின் அருகே வாழும் உரிமையை மறைத்து நிற்கும் விலைச்சுவரை நீக்குவது அத்துணை எளிதன்று. அதனையும் நீக்கும் நாளில்தான் அருவி முற்றிலும் மீட்கப்பட்டதாகும்.