கறுப்புப் புள்ளி எல்லாம் புற்றுநோயா?

டாக்டரைப் பார்க்க நாளைக்குத்தான் அப்பாயின்ட்மென்ட். ஆனால் கவரை ஸ்கேன் சென்டர் வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். யாரால் சும்மா இருக்க முடியும்? அம்மாவின் பெட் ஸ்கேன் ரிப்போர்ட் ஆயிற்றே! வெள்ளைத் தாளில் அம்மாவின் உருவம். கழுத்திலும் நெஞ்சிலும் கறுப்புக் கறுப்பாகச் சில புள்ளிகள். கூடவே 'எஸ்.யூ.வி. மேக்ஸ் 6.8' என்று ஓர் எண். அவ்வளவுதான்... அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. '6.8-ன்னா ரொம்ப அதிகமா மாப்ளே?' என்று மகன், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பனுக்கு போன் போடுவான். அவனுக்கும் தெரியாது, பாவம்.

அந்தக் கறுப்புப் புள்ளியின் கதை தெரிந்தால் பயம் கொஞ்சம் மட்டுப்படலாம். கதை தொடங்குவது 1920-களின் பெர்லினில்.

ஓட்டோ வார்பர்க் என்று ஒரு விஞ்ஞானி. குதிரைப் பிரியர். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் சேர்ந்து போர்முனைக்கே போய்விட்டவர். 1918-ல் ஐன்ஸ்டைன் கடிதம் எழுதி, 'உங்கள் இடம் ஆராய்ச்சிக்கூடம்தான், திரும்பி வந்துவிடுங்கள்' என்கிற அர்த்தத்தில் கெஞ்சிய பிறகுதான் இறங்கி வந்தார். வந்தவர், எலிகளின் புற்றுநோய்க் கட்டியைச் சீவல் சீவலாக அறுத்து, அது என்ன சாப்பிடுகிறது என்று பார்த்தார். ஆச்சரியம்! சாதாரண செல்களைவிடப் பல மடங்கு குளுகோஸை அது விழுங்கியது. போதுமான ஆக்சிஜன் இருந்தும் அதை முழுசாக எரிக்காமல், லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளியது. (நம் வீட்டு இட்லி மாவு புளிக்கிறதே, அதிலும் உருவாவது இதே அமிலம்தான்!)

வார்பர்க்கின் அப்பா யூத வம்சம். ஆனாலும் ஹிட்லரின் ஜெர்மனியில் அவர் கடைசிவரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1941-ல் பதவியிலிருந்து தூக்கினார்கள். சில வாரங்களிலேயே திரும்ப உட்கார வைத்தார்கள். ஹிட்லரின் அம்மா க்ளாரா 1907-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். மகனுக்கு அந்த நோய் என்றாலே கிலி, அதனால்தான் வார்பர்க் தப்பினார் என்று சொல்பவர்கள் உண்டு.

'குளுகோஸை எரிப்பதில் ஏற்படும் கோளாறுதான் புற்றுநோய்க்கே காரணம்' என்று 1970-ல் சாகும்வரை வாதாடினார் வார்பர்க். அது அப்படியே சரியில்லை, மூல காரணம் ஜீன்களில் என்று பின்னால் தெரிந்தது. ஆனால், அவர் கண்ணால் பார்த்தது நிஜம். (இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு நோயாளியின் காபியில் சர்க்கரையை நிறுத்தும் வீடுகள் உண்டு. நாம் சாப்பிடாவிட்டாலும் குளுகோஸை உடம்பே தயாரித்துக்கொள்ளும். கட்டியைப் பட்டினி போட முடியாது!)

அடுத்த காட்சி அமெரிக்காவில். 1976, ஆகஸ்ட். குளுகோஸின் ஒரு மூலையில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டவைத்த 'எஃப்.டி.ஜி.' என்ற பொருள், நியூயார்க் பக்கத்திலுள்ள ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரானது. செல் இதை நிஜமான குளுகோஸ் என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால், ஜீரணிக்க முடியாது. வெளியேயும் அனுப்ப முடியாது. எலிப்பொறிதான்! மாட்டிய இடத்திலிருந்து அது கதிர் வீச, வெளியே இருக்கும் கருவி படம் பிடித்துவிடும். ஒரே ஒரு சிக்கல்... 110 நிமிஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அதனால் விமானத்தில் ஏற்றி, அவசர அவசரமாக ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவி என்ற டாக்டர் அதை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தினார்.

கவனியுங்கள், அவர்கள் தேடியது புற்றுநோயை அல்ல. மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட இருவரும் நோயாளிகளும் அல்ல, ஆரோக்கியமான மனிதர்கள்!

சில வருஷங்களில், 1980 வாக்கில், இதே எஃப்.டி.ஜி. மிருகங்களின் கட்டிகளில் போய்ச் சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். வார்பர்க்கின் பழைய ஆராய்ச்சிக்கு மறுபடி மவுசு வந்தது. 1998-ல் பிட்ஸ்பர்க்கில் பெட்டையும் சி.டி.யையும் ஒரே மெஷினில் இணைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருப்பது அதன் வாரிசுதான்.

ஆக, படத்தில் கறுப்பாகத் தெரிவது புற்றுநோய் அல்ல, சர்க்கரைப் பசி! மூளை எப்போதும் பசியோடு இருக்கும். அது கறுப்பாகத் தெரியாவிட்டால்தான் விபரீதம். சிறுநீர்ப்பையும் கறுக்கும், மருந்து வெளியேறும் வழி அது. ஊசி போட்டபின் நர்ஸ், 'பேசாம கண்ணை மூடிப் படுங்கம்மா' என்று அதட்டுவது எதற்கு? பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரையை இழுத்து, அங்கேயும் ஒரு புள்ளி வந்துவிடும் என்பதற்காகத்தான்.

நம் நாட்டுக்கு இன்னொரு தலைவலி, டி.பி.! கிருமியோடு சண்டை போடும் செல்களுக்கும் அகோரப் பசி. நெஞ்சில் நெறி கட்டி டி.பி. இருந்தால், படத்தில் அது புற்றுநோய் மாதிரியே கறுக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. மெதுவாக வளரும் சில புற்றுநோய்களும், ரொம்பச் சின்னக் கட்டிகளும் பெட்டின் கண்ணில் படாமலே போய்விடலாம். அதனால்தான் சந்தேகம் வந்தால் டாக்டர்கள், ஊசியால் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்க்காமல் முடிவு சொல்வதில்லை.

சரி, அந்த 6.8? செலுத்திய மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவினால் எல்லா இடத்திலும் 1 வரவேண்டும். அதைப்போல எத்தனை மடங்கு அந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் எஸ்.யூ.வி. ஒரு காலத்தில், நுரையீரல் கட்டிகளில் 2.5-ஐத் தாண்டினாலே சந்தேகம் என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். ஆனால் டி.பி.யும் அந்தக் கோட்டை அநாயாசமாகத் தாண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் எண் மாறும். ஊசி போட்ட பிறகு அரைமணி தாமதமாகப் படம் எடுத்தால் மாறும். வேறு மெஷின் என்றால் மாறும். ஒரே அம்மாவை இரண்டு சென்டரில் எடுத்துவிட்டு, '6.8 இப்போ 7.4 ஆயிடுச்சே!' என்று அழுவதில் அர்த்தமில்லை.

நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவைக் கவனிக்கும் டாக்டர்களுக்கும் இந்த எண் தொல்லை இருந்தது. சிகிச்சை பலன் தருகிறதா என்று எப்படிச் சொல்வது? 2009-ல் பிரான்ஸின் டோவில் என்ற கடற்கரை ஊரில் கூடிப் பேசினார்கள். எண்ணை நம்பி இருக்காமல், நோயாளியின் சொந்தக் கல்லீரலையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். புள்ளி இல்லவே இல்லை என்றால் 1. கல்லீரலைவிட ரொம்ப அதிகமாகக் கறுத்தால் 5. ஊரின் பெயரே அந்த அளவுகோலுக்கு நிலைத்துவிட்டது. லிம்ஃபோமா சிகிச்சைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் 'டோவில் ஸ்கோர் 2' என்று இருந்தால், அது பெரும்பாலும் நல்ல சேதிதான்.