விரைவுக் குறியீடு: கட்டம் வேவு பார்க்குமா?

"அப்பா, ஸ்கேன் பண்ணுங்க" என்று பாடப்புத்தகத்தை நீட்டினாள் மகள். அந்தக் கட்டத்தின் கதையைத் தேடிப் போனேன்.

1994-ல் ஜப்பானின் டென்சோவில் மசாஹிரோ ஹாரா குழு கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இது. தொழிற்சாலையில் ஒட்டுபவரும் படிப்பவரும் தெரிந்த ஆட்கள்தான். 2018-ல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'விரைவுக் குறியீடு' ஆனது. தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடம் திறக்கும்.

கட்டம் தானாக வேவு பார்க்காது; அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு முகவரி அல்லது எண். பார்க்க வேண்டியது, அதைத் திறக்கும் செயலியை. தீக்‌ஷாவால் மாணவர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகத் திரட்ட முடியும் என்று 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சொன்னது.

மகளுக்கு ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன். லொகேஷன் அனுமதி மட்டும் கிடையாது. பாடம் நடத்த நம்ம தெரு எதுக்குங்க?