ஒரு தூண்டில் தடியும் அதன் கூடும்

சென்ற மாதம் கனடாவிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, தூண்டில் தடியொன்றை விமானத்தில் கொண்டுபோக எப்படியான கூடு வாங்கவேண்டும்?" என்று கேட்டார். நுவரெலியாவின் ட்ரவுட் மீன்களைப் பற்றி நான் முன்னர் எழுதியதை அவர் மறக்கவில்லை.

அது சாதாரணத் தூண்டில் அன்று. இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியைக் கொளுவி, ஓடும் நீரில் வீசும் தடி. 1880களில் ஆங்கிலேயர் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலேற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தனர். தொடர்ந்து இத்தகைய தடிகளும் மலையகத்துத் துரைமார் பங்களாக்களுக்கு வந்து சேர்ந்தன. நண்பரின் தந்தையார் அங்கு ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். 1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊருக்குப் புறப்பட்ட துரை தமது தடியை அவரிடம் கொடுத்துச் சென்றார்.

இத்தடிகளின் வரலாறு சுவையானது. மூங்கிலைக் கீறி, பட்டைகளை ஒட்டித் தடி செய்யும் கலையை அமெரிக்காவில் வளர்த்தவர்களுள் முதன்மையானவராக, பென்சில்வேனியாவின் துப்பாக்கி செய்பவரான சாமுவேல் பிலிப்பி குறிப்பிடப்படுகிறார். காலம் 1840கள். 1870களில் மெயின் மாநிலத்து ஹைரம் லெனர்ட் ஆறு பட்டைத் தடியைப் பெருமளவில் செய்தார். முதலில் பயன்பட்டது கல்கத்தா மூங்கில். பின்னர் தென்சீனத்து 'டொங்கின்' மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடைசெய்ய, கண்ணாடியிழைத் தடிகள் பரவின. 1973இல் கார்பன் இழைத் தடிகளும் சந்தைக்கு வந்தன.

தடி மாற, கூடும் மாறியது. ஆரம்பத்தில் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் துண்டுகளைப் பதித்துத் துணியால் சுற்றினர். பின்னர் திருகுமூடியுள்ள அலுமினியக் குழாய் வந்தது. ஒன்பதடித் தடி இரண்டு துண்டானால் குழாய் நாலரை அடிக்கு மேல் நீளும். நான்கு துண்டானால் இரண்டரை அடியே போதும். இன்றைய தடிகள் பல நான்கு துண்டாக வருவதற்குப் பயண வசதி ஒரு முக்கிய காரணம்.

"அப்பாவின் தடிக்கு ஒரு குழாய் இருந்திருக்குமே?" என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னார். 1990இல் கொழும்புக்குப் புறப்பட்டபோது, அதைத் தந்தையாரே கழற்றி எறிந்துவிட்டாராம். சோதனைச்சாவடியில் ஒரு தமிழ் இளைஞனின் கையில் நீண்ட உலோகக் குழாய் எப்படித் தோன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். படுக்கை விரிப்பில் சுற்றிய தடி பஸ் நெரிசலில் நுனி முறிந்தது. அக்காலத்தில் பத்திரிகைப் பணிக்காகப் பயணித்த நானும், கமராவின் முக்காலியை எத்தனையோ சாவடிகளில் விரித்துக் காட்டியிருக்கிறேன். ஆகவே எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நல்லவேளையாக, பல மூங்கில் தடிகளைப் போல இதற்கும் இரண்டு நுனித்துண்டுகள் இருந்தன. நண்பருக்கு நான் சொன்னவை இவைதாம். எட்டரை அடித் தடி, மூன்று துண்டு. ஒன்று ஏறக்குறைய 34 அங்குலம். குழாயின் உள்நீளம் 36 அங்குலமாவது இருக்கட்டும். கைப்பிடி துணி உறையோடு இறுக்கமின்றி நுழையவேண்டும். உள்ளே கெட்டியான குழாயும், வெளியே தடித்த நைலோன் உறையும், இரு முனைகளிலும் மெத்தையும் உள்ளதாகப் பாருங்கள். கையோடு கொண்டுசெல்ல அனுமதிப்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், முன்கூட்டியே கேளுங்கள். கொக்கிகளைப் பொதியில் அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரத்தோடு மூடாதீர்கள். காற்றுப் புகாத குழாயில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பசை இளகிப் பட்டைகள் பிரியும். கூடே தடிக்கு எமனாகும்.

வன்கூவரிலுள்ள பேரனுக்குத்தான் தடி போகிறது. "முறிந்த நுனியை எறிந்துவிடவா?" என்று இறுதியாகக் கேட்டார். வேண்டாம், அதையும் கூட்டுக்குள் வையுங்கள் என்றேன். எப்படி முறிந்தது என்று பேரன் ஒருநாள் கேட்பான். அன்று அவனுக்குச் சொல்வதற்கு அது இருக்கவேண்டும்.